இரண்டாவது மச்சம்

கோர்ட்டுக்கு வந்து வந்து அண்ணிக்கு அந்த வராந்தாவில் ஓர் இடமே சொந்தமாகிவிட்டிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சின் இடது முனை. வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் எதிரே போய் நிற்பாள். கோணிப்போன வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே எழுந்துவிடுவார்கள்.

"இந்தக் கையால இப்ப ஆகற ஒரே காரியம் இதுதான்," என்று சொல்லிக்கொண்டே உட்காருவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் இரண்டு பேரை எழுப்பிவிட்டு, தம்பி மனைவிக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.

"உட்காரு ரப்பர். நிக்கறதுக்கு உள்ள கூண்டு கட்டி வெச்சிருக்காங்க. அங்க போய் நின்னுக்கலாம்."

ரப்பர் என்பது அண்ணி வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் இப்போது தெருவில் தபால்காரர்கூட யோசிப்பார். போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகங்களைத் துடைப்பது அவள் வேலை. பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, நெற்றிச் சுருக்கம், காலரில் பட்ட கறை, எல்லாவற்றையும் எடுப்பாள். முன்னால் கேமராவோடு நிற்பவர் முதலாளி. ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் இவள். வருகிற ஆளை அவள் பார்ப்பதே கிடையாது. அவர்களுடைய முகம் மட்டும் தட்டைவிடப் பெரிதாகத் திரையில் வந்து நிற்கும். துடைத்து அனுப்பிவிட்டால் அடுத்த முகம். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்றுகூட நினைவில் இருக்காது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள், புருஷனுக்கு அக்காவான இந்த அண்ணிதான். மருமகள் வேலைக்குப் போனால் அடுப்பை யார் பார்ப்பது என்று மாமியார் குதித்தபோது, "அடுப்பு எங்கயும் ஓடிப் போயிடாதும்மா, அவ வர்ற வரைக்கும் அங்கயேதான் இருக்கும்" என்று சொல்லி வாயடைத்தாள். புகுந்த வீட்டில் ரப்பருக்காகப் பேச ஒரு வாய் இருந்தது என்றால் அது அந்த வாய்தான். புருஷன்காரன் நல்லவன். ஆனால் அம்மாவுக்கு எதிரே அவனுக்குப் பேச்சு வராது.

இன்றைக்கு அந்த அண்ணிக்காகத்தான் அவள் சாட்சி சொல்ல வந்திருந்தாள். "இவன்தான்" என்று கைகாட்டினால் ஒருவன் வருஷக்கணக்கில் உள்ளே போவான். காட்டாவிட்டால் கேஸ் அதோடு சரி. வேறு சாட்சி கிடையாது.

நடந்தது இதுதான். ஸ்டூடியோ மாடியில் இருக்கிறது. எதிர் வரிசையில், கீழே அண்ணியின் தையல் கடை. ஒரு நாள் தெரு விளக்கு எரிய ஆரம்பித்த நேரம், அண்ணி கடையைப் பூட்டிவிட்டுப் படியில் இறங்கினாள். பின்னாலிருந்து எவனோ தோள்பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. தள்ளிவிட்டான். வலது கை மடங்க, அதன் மேலேயே விழுந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அலறல் கேட்டு மாடி ஜன்னலுக்கு ஓடிய ரப்பர், கீழே ஒருவன் ஓடுவதைப் பார்த்தாள். அவன் ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பார்த்தான். பிறகு சந்தில் திரும்பிவிட்டான்.

எலும்பு கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை அந்தக் கையால் இனிமேல் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கடைக்கு அன்றைக்கு இறக்கிய ஷட்டர் இறக்கியதுதான்.

"ஒல்லியா இருந்தான் சார். ஏதோ வெளிர் கலர்ல சட்டை. மூஞ்சி சரியாத் தெரியல." ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரரிடம் ரப்பர் சொன்னது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி கேட்டார், பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள், போட்டோ எடுக்க வந்தவர்கள் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். "நீதான் பார்த்தியாமே, எப்படி இருந்தான்?" சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் கேட்டவர் முகம் தொங்கிப் போகும். எல்லாரையும்விட அதிகமாகத் தொங்கியது அண்ணியின் முகம். கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, "கொஞ்சம் யோசிச்சுப் பாரு ரப்பர். ஒரு நாளைக்கு எத்தனை மூஞ்சி பாக்கற நீ, இந்த ஒரு மூஞ்சி தங்கலயா?" என்று கேட்பாள். ரப்பர் யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஏதாவது ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை முடி, இன்னொரு தடவை தாடை. அவள் பொய் சொல்லவில்லை. வந்ததைத்தான் சொன்னாள்.

ஒரு நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தெருவுக்கு வேலையாக வந்து போகிறவர்களின் படங்களை, அவரவர் கம்பெனியில் வாங்கி மேஜை மேல் பரப்பி வைத்திருந்தார்கள். பார்சல் கொண்டு வருகிறவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கள், கேபிள் பார்க்கிறவர்கள். ரப்பரின் விரல் நேராக ஒரு படத்தில் போய் நின்றது.

"இந்த மூஞ்சி எனக்குத் தெரியும் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"தெரியும் சார். நல்லாவே தெரியும்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நாங்களும் இவனைத்தான் நெனைச்சோம். பார்சல் குடுக்கறவன். அந்த நேரத்துல உங்க தெருவுலதான் இருந்திருக்கான்."

அன்றிலிருந்து ஓடுகிறவனுக்கு முகம் வந்துவிட்டது. எப்போது கண்ணை மூடினாலும் அவன் தலையைத் தூக்கினான், அந்த முகம் தெரிந்தது. புதிதாக எழுதிய வாக்குமூலத்தில், நீள முகம், மாநிறம், இரண்டு கன்னங்களிலும் சின்ன மச்சம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஜெயில் வளாகத்தில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். வரிசையில் எல்லாருக்கும் இடது கன்னத்தில் அகலமாக பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எல்லாரும் ஒரே கத்தியில் சவரம் செய்து ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கப் பயமாக இருந்ததால் கேட்கவில்லை. தயங்காமல் போய் அவன் எதிரே நின்றாள். அவன், "நான் என்னக்கா பண்ணேன்?" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று கூட வந்த போலீஸ்காரம்மா சொன்னாள்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அப்புறம்தான் வாய்தா தொடங்கியது. ஜட்ஜ் லீவு, வக்கீல்கள் ஸ்டிரைக், கேஸ் கட்டு வேறு கோர்ட்டுக்குப் போய்விட்டது, திரும்பி வந்தது, கரண்ட் இல்லை. சாட்சியைக் கூப்பிடுகிற நாளுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டதால் ரப்பர் வந்ததில்லை. அண்ணி மட்டும் ஒன்றுவிடாமல் வந்தாள். ஜாமீனில் வந்திருந்த அவனும் வருவான். அவன் வந்தால் அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். "அவன் மூஞ்சில முழிச்சா எனக்கு இந்தக் கையும் விளங்காமப் போயிடும்," என்று இடது கையைக் காட்டுவாள்.

இவ்வளவும் கழிந்து இன்றைக்குத்தான் ரப்பரின் முறை வந்திருந்தது.

அரசு வக்கீல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். ஜலதோஷம். கையிடுக்கில் கட்டுக் கட்டாகக் காகிதம்.

"போட்டோக் கடை சாட்சி யாரு?"

"நான்தான் சார்."

"பயப்படாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். கதை வேண்டாம். எனக்கு இன்னிக்கு இன்னும் நாலு கேஸ் கெடக்கு." நின்றபடியே காகிதத்தைப் புரட்டினார். "ரெண்டு எடம்தான் இடிக்குது. ரெண்டு கன்னத்துலயும் மச்சம்னு சொல்லியிருக்கீங்க. ஆளுக்கு வலது பக்கம் மட்டும்தான் மச்சம். கேட்டா, அந்தப் பக்கம் அழுக்கு ஏதாச்சும் ஒட்டியிருந்திருக்கும்னு சொல்லிடுங்க. அடுத்தது தழும்பு."

"எந்தத் தழும்பு சார்?"

வக்கீல் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "தாயே, உள்ள வந்து எந்தத் தழும்புன்னு கேட்டுடாதீங்க. இடது கன்னத்துல இவ்வளவு நீளத்துக்கு இருக்கு. பரேடுல அதை வெச்சே நீங்க கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் பிளாஸ்டர் ஒட்டினது. நீங்க போலீஸ்ல தழும்பைப் பத்திப் பேசவே இல்ல. எதிர்ப்பக்கம் அதைத்தான் புடிச்சுத் தொங்குவாங்க. நிழல் விழுந்துச்சு, தெரியலன்னு சொல்லிடுங்க. ஒரே வார்த்தை, முடிஞ்சுது. அதோ நிக்கறான் பாருங்க."

அண்ணி வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரப்பர் பார்த்தாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு இளவயது வக்கீலம்மாவோடு அவன் நின்றிருந்தான். உதட்டின் இடது ஓரத்திலிருந்து காதுப் பக்கம் வரைக்கும் தோல் இழுத்துக்கொண்டு சுருங்கியிருந்தது. அவசரத்தில் தைத்த தையல் மாதிரி.

மடியில் இருந்த அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் அசைந்தது. மறுபடியும் அசைந்தது. இல்லாத மவுஸை அழுத்துகிறது என்று அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

முகத்தில் கெட்ட இடத்தை எடுப்பதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்தில் நல்ல தோலாகப் பார்த்துப் படி எடுத்து, கெட்ட இடத்தின் மேல் பூச வேண்டும். ஒரு கன்னம் முழுக்கக் கெட்டிருந்தால் அங்கே நல்ல தோல் கிடைக்காது. அடுத்த கன்னத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி குரல் கொடுத்தது இப்போது காதில் கேட்டது. "அந்தத் தழும்பை எடுத்து விடு. பார்சல் கம்பெனிக்கு மனுப் போடறாராம். வீட்டுக் கதவைத் தட்டற வேலை, பாக்கறவங்க பயப்படறாங்களாம்." அவள் வலது கன்னத்தை எடுத்து இடது கன்னத்தில் பூசினாள். உதட்டோரத்தில் சரியாகப் பொருந்தாமல் ரொம்ப நேரம் அதோடு மல்லுக்கட்டினாள். அண்ணி விழுந்ததற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அது.

"சார், அந்தப் போட்டோவை ஒரு தடவை காட்டறீங்களா?"

வக்கீல் அலுத்துக்கொண்டே உருவிக் காட்டினார். கம்பெனியில் வாங்கிய படம். வழவழவென்று இரண்டு கன்னம். வலது கன்னத்தில் ஒரு மச்சம். தோலைப் படி எடுத்தபோது கூடவே வந்துவிட்ட அதே மச்சம், இடது கன்னத்திலும். அதைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். விட்டிருக்கிறாள்.

வேறொன்றும் இருந்தது. படத்தில் இரண்டு பக்கமும் ஒரே சீராக வெளிச்சம். பின்னால் வெள்ளைத் திரை. இத்தனை காலமாக அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தவனுக்குப் பின்னாலும் தெரு இல்லை, சந்து இல்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஓடுகிறவன் தாடையில் நிழல் இல்லாமல் எப்படி இருப்பான் என்று, நாள் முழுக்க நிழலைப் பார்த்துப் பிழைக்கிற அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கண்ணை மூடி, அந்தப் படத்தை நகர்த்திவிட்டுக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒல்லியாக ஒருவன். வெளிர் சட்டை. தலையைத் தூக்கினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இவனாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

வக்கீல் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணி."

"ம்."

"நான் பார்த்தது இவன்தானான்னு..."

"வயித்தைக் கலக்குதா? மொத தடவைன்னா அப்படித்தான். தண்ணி குடி."

"அதில்லண்ணி. ஒருவேளை நான் தப்பாச் சொல்லியிருந்தா?"

அண்ணி திரும்பினாள். அண்ணியின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை ரப்பர் அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்தாள். எவ்வளவு துடைத்தாலும் போகாத கறுப்பு.

"இத பாரு. இன்னொரு வாய்தா தாங்கற தெம்பு எனக்கு இல்ல. இந்த பெஞ்சோட அச்சு என் முதுகுல விழுந்துபோச்சு. போ, பார்த்ததைச் சொல்லிட்டு வா. வீட்டுக்குப் போலாம்."

"பார்த்ததை மட்டும் சொல்லணுமா?"

"பின்ன, பாக்காததையா சொல்லுவாங்க?"

அதற்குள் பியூன் கதவுக்கு வெளியே தலையை நீட்டி அவளுடைய சொந்தப் பெயரைக் கூவினான். மூன்றாவது தடவை கூவின பிறகுதான் அது தன் பெயர் என்று அவளுக்கு உறைத்தது.

உள்ளே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜட்ஜ் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே டைப் அடிக்கிறவர். எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும் அண்ணி, இன்றைக்குக் கடைசி பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று ரப்பர் சொன்னாள். அரசு வக்கீல் தெரு, நேரம், ஜன்னல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் சொன்னாள்.

"அந்த ஆள் இப்ப இந்தக் கோர்ட்ல இருக்காரா?"

ரப்பர் அவனைப் பார்த்தாள். அவன் தழும்பு இல்லாத பக்கத்தைக் காட்டி நின்றிருந்தான். வேண்டுமென்று அல்ல, பழக்கம் போலிருந்தது.

"அவரு மூஞ்சி எனக்குத் தெரியுங்க."

"சரி. உங்க நாத்தனாரைத் தள்ளிவிட்டு ஓடினது அவர்தானே?"

மின்விசிறி சுற்றியது.

"தெரியலங்க."

அரசு வக்கீல் மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா இது? தெரியும்ங்கறீங்க, தெரியலங்கறீங்க. அவர் எதை டைப் அடிப்பாரு?"

"ரெண்டும் நெசம்தாங்க ஐயா. இவரு மூஞ்சி தெரியும். ஆனா அது எங்க கடைக் கம்ப்யூட்டர்ல பார்த்தது. வேலைக்கு மனுப் போட எடுத்த படம். தழும்பை நான்தான் எடுத்தேன். வலது கன்னத்தை எடுத்து இடது கன்னத்துல பூசினேன், மச்சமும் சேர்ந்து வந்துடுச்சு. போலீஸ்ல அதே படத்தைக் காட்டவும், தெரிஞ்ச மூஞ்சியா இருக்கேன்னு கையை வெச்சுட்டேன். ரெண்டு மச்சம் படத்துல மட்டும்தாங்க இருக்கு. ஓடினவனுக்கு மச்சம் இருந்துச்சா, தழும்பு இருந்துச்சா, எனக்கு ஒண்ணும் தெரியல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு பெரிய பேச்சை அவள் எந்தச் சபையிலும் பேசியதில்லை.

"யாராவது மிரட்டினாங்களா?" என்றார் ஜட்ஜ்.

"இல்லைங்க ஐயா."

"அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து பேசினாங்களா?"

"யாரும் பேசலங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"முன்னாடி எனக்கே தெரியாதுங்க. இப்ப வெளிய நிக்கும்போதுதான் அந்தத் தழும்பைப் பார்த்தேன். நான் பொய் சொல்லலங்க ஐயா. பார்த்ததாத்தான் நெனைச்சுட்டிருந்தேன். இப்பவும் கண்ணை மூடினா இவருதான் ஓடறாரு. என்ன பண்ணினாலும் அந்த மூஞ்சி போக மாட்டேங்குது."

ஜட்ஜ் அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். தலையணையைச் சரி செய்துகொண்டார். "இருபது வருஷமா சாட்சிங்களைக் கேக்கறேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அரசு வக்கீல் எழுந்து, இந்தச் சாட்சியைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்க வேண்டும் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கேஸ் குறைந்தது என்பது மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கத்து வக்கீலம்மா வெளிச்சம், தூரம், ஜன்னல் கம்பி என்று எத்தனையோ கேள்விகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போனதில் அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம். கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"சாட்சி எதிரியை அடையாளம் காட்டவில்லை. பிறழ் சாட்சியாகக் கருதப்படுகிறார்," என்று ஜட்ஜ் சொல்ல, டைப் அடிக்கிறவர் அடித்தார். "போட்டோவைப் பத்தி அவங்க சொன்னதையும் சேர்த்துக்குங்க." அதுவும் சேர்ந்தது. அவள் மூச்சு வாங்கச் சொன்னதெல்லாம் நாலு வரிக்குள் அடங்கிவிட்டது.

"ஐயா, பிறழ் சாட்சின்னா?" என்று கையெழுத்துப் போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பேச்சு மாறின சாட்சின்னு அர்த்தம்," என்றார் டைப் அடிக்கிறவர், நிமிர்ந்து பார்க்காமல்.

பேச்சு மாறவில்லை, பார்த்தது மாறிவிட்டது என்று சொல்ல நினைத்தாள். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தபோது அண்ணி பெஞ்சில் இல்லை. வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடப் போன ரப்பரை அவன் வழிமறித்தான். கிட்டத்தில் பார்க்க இன்னும் சின்ன வயசாகத் தெரிந்தான்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா."

"எனக்கு எதுக்கு நன்றி? நீ இல்லன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியலன்னுதான் சொன்னேன்."

"அது போதும்க்கா எனக்கு. அஞ்சு மாசம் உள்ள இருந்தேன். அந்தக் கம்பெனியில இனிமே சேர்த்துக்க மாட்டாங்க."

வாசல் பக்கம் போன அண்ணி நின்று திரும்பியிருந்தாள். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்றாள் ரப்பர். "யாரும் இல்ல, நாம மட்டும்தான். நீயா?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். "இல்லக்கா."

அவள் அந்த முகத்தில் தேடினாள். நெற்றி, புருவம், கண்ணோரம், உதடு. அந்த முகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் சொல்வது நிஜமா என்பது மட்டும் எந்த இடத்திலும் தெரியவில்லை.

"சரி, போ," என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணி கூரைக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ரப்பர் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஒரு பஸ் வந்தது, போனது. அவர்களுடையது அல்ல.

"அவன் இல்லன்னானா?"

"ஆமாண்ணி."

"நெசமா?"

"தெரியலண்ணி."

"எதைக் கேட்டாலும் தெரியல, தெரியல. காலைல வீட்டுல கெளம்பும்போது எல்லாம் தெரிஞ்சுதே உனக்கு." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "அப்ப என்னைத் தள்ளினது யாரு?"

இன்னொரு தடவை தெரியல என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நீ சொன்ன மூஞ்சியைத்தாண்டி தெனமும் திட்டிட்டுப் படுத்தேன். நீள மூஞ்சிக்காரா, நாசமாப் போறவனேன்னு. ஒரு ரவுண்டு திட்டி முடிச்சாத்தான் கை வலி அடங்கும், தூக்கம் வரும். இனிமே யாரைத் திட்டறது? ஊர்ல இருக்கற ஒல்லிப் பசங்க எல்லாரையுமா?"

"என்னைத் திட்டுங்கண்ணி."

"உன்னைத் திட்டினா வலி அடங்காது. அதிகமாகும்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா வேறெதுவுமா என்று பார்க்க ரப்பர் துணியவில்லை. "அவனைப் புடிச்சு உள்ள போடுன்னு உன்னை யாராச்சும் கேட்டாங்களா? நிழல் விழுந்துச்சுன்னு சொல்லுன்னுதானே அந்த மூக்கொழுகி வக்கீல் சொன்னான். ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தையில அவன் உள்ள போயிடுவானேண்ணி."

"போவான்," என்றாள் அண்ணி. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "போயிருப்பான்தான்," என்றாள்.

அண்ணியின் பைக்குள் போன் அடித்தது. இடது கையால் துழாவி எடுக்க அவளுக்கு எப்போதும் நேரமாகும். வழக்கமாக ரப்பர்தான் எடுத்துக் கொடுப்பாள். இப்போது கையை நீட்டலாமா என்று தெரியாமல் நின்றாள். அண்ணி தானே எடுத்தாள். தம்பிதான், ரப்பரின் புருஷன். பக்கத்திலேயே மாமியாரின் குரலும் கேட்டது. என்ன ஆச்சு, காட்டிட்டாளா, எத்தனை வருஷம் போடுவாங்களாம் என்று.

அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு ரப்பரையே பார்த்தாள். அந்த வாயிலிருந்து என்ன வரப் போகிறதோ, அதுதான் இனிமேல் அந்த வீட்டில் தனக்கு இருக்கப் போகிற இடம் என்று தெரிந்தது.

"இன்னிக்கும் வாய்தாடா," என்றாள் அண்ணி. "ஆமா. ஜட்ஜுக்கு முதுகு வலியாம். வர்றோம். வெச்சுடு."

போனைப் பைக்குள் போட்டாள்.

"அண்ணி..."

"உனக்காக ஒண்ணும் சொல்லல. இதையெல்லாம் எங்க அம்மாவுக்கு வெளக்கிச் சொல்ல எனக்கு இன்னிக்குத் தெம்பு இல்ல. நாளைக்கு நீயே சொல்லிக்கோ." தூரத்தில் அவர்களுடைய பஸ் திரும்பியது. அண்ணி சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

"சரிண்ணி," என்றாள் அவள்.